அணசும் கனமும்

பொங்கல் விழாவுக்கென நம் மன்றம் ஒரு நாதசுரம் வாங்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, "பித்தளை அணசு வைத்ததாக வாங்குவோம், கனம் கூடினால் நாதமும் கூடும்" என்றனர் நண்பர் சிலர். கனத்துக்கும் நாதத்துக்கும் அப்படியொரு கணக்கு உண்டா? இல்லை என்பது என் கட்சி.

தாராவியிலும் செம்பூரிலும் கலியாண ஊர்வலத்தின் முன்னே முழங்கிச் செல்கிறதே டிரம்பெட், அதன் விரிந்த வாயைப் பற்றியும் இதே வழக்கு உலகெங்கும் உண்டு. தகடு மெல்லியதானால் ஊதியவுடனே பேசும் என்பர். தடித்ததானால் சற்றுத் தயங்கும், ஆயினும் உச்சத்தில் ஊதினாலும் சிதறாது என்பர். 1986-இல் ரிச்சர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயர், டிராம்போனுக்கு 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை வெவ்வேறு தடிப்பில் வாய்களைப் பொருத்தி, எது எதுவென்று காட்டாமல் வாசிக்கச் செய்தார். தேர்ந்த கலைஞராலும் பிரித்தறிய முடியவில்லை! பின்னர், 2005-இல், தாமஸ் மூர் குழுவினர் டிரம்பெட்டின் வாயைச் சுற்றி மணல் மூட்டை வைத்து அதன் அதிர்வை அடக்கிப் பார்த்தனர். ஒலியில் சிறு மாறுதல் அளவிடக் கிடைத்தது. ஆக, தகட்டின் பங்கு பூச்சியமன்று, சிறிது. அந்த அதிர்வு வாசிப்பவரின் உதட்டுக்கும் விரலுக்கும் எட்டுவதால் அவருக்கு அது பெரிதாகப் படுகிறது. பந்தலின் கடைசி வரிசையில் இருப்பவருக்கு எட்ட வேண்டுமே!

நாதசுரத்திலோ அந்தச் சிறிதும் குறையும். டிரம்பெட்டில் துளை இல்லை; ஒலி முழுதும் வாய்வழியே வெளியேறியாக வேண்டும். நம் நாயனத்தில் விரல் துளைகள் ஏழு. அவை திறந்திருக்கும்போது ஒலியின் பெரும்பகுதி அவற்றின் வழியே போய்விடுகிறது. துளைகளை மூடிக் கீழ்ச் சுரங்களை வாசிக்கையில்தான் அணசுக்கு முழு வேலை. அங்கும் அதன் விரிவே முதன்மை, உலோகமா மரமா என்பது பிறகு. ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி பாரி நாதசுரத்தைச் செப்பம் செய்தாரே, சுத்த மத்திமம் சரியாகப் பேசவேண்டும் என்று அவர் பாடுபட்டது குழலின் அளவிலும் துளைகளிலும் அன்றோ? 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த ஊரின் பெருமை ஆச்சா மரத்தில் கடையும் கைத்திறனில் இருக்கிறது.

பித்தளை படத்தில் பளபளக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டரை அடிக் குழலின் நுனியில் கனம் தொங்கினால் கை ஓயும். கற்கப் போகிறவர்களோ புதியவர்கள். அந்தப் பணத்துக்கு நல்ல சீவாளிகள் வாங்கலாம். ஒலி பிறப்பதே அங்குதான்.

இன்னும் ஐயமா? ஒரே அளவில் கடைந்த இரு கருவிகளை, மாதுங்காக் கோயில்களில் வாசிக்கும் வித்துவான் ஒருவரிடம் கொடுத்துத் திரைக்குப் பின்னால் வாசிக்கச் சொல்வோம். பித்தளை எது, மரம் எது என்று பத்து முறையும் தவறாமல் நண்பர்கள் சொல்லிவிட்டால் பித்தளையே வாங்கலாம். முதல் சந்தா என்னுடையது.