பழைய பொருளும் புதிய எண்ணமும்

வீடியோ விளையாட்டு என்றவுடனே பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். படிப்பு கெடும், கண் கெடும் என்று அவர்கள் அஞ்சுவதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் அவ்விளையாட்டுகளைப் படைத்தவர்களிடம் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு என்பது என் தாழ்மையான கருத்து.

ஜப்பான் நாட்டின் கியோட்டோ நகரில் 1889-ஆம் ஆண்டு தோன்றியது நின்டெண்டோ நிறுவனம். அன்று அது பூக்கள் வரைந்த சீட்டுக்கட்டுகளைச் செய்து விற்றது. 1965-இல் அங்கே இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தார் குன்பெய் யோகோய். ஓய்வு நேரத்தில், நீண்டு சுருங்கும் கை ஒன்றைப் பொழுதுபோக்காகச் செய்தார். அதைக் கண்ட தலைவர் ஹிரோஷி யமவுச்சி, அதையே விளையாட்டுச் சாமானாக்கச் சொன்னார். 1966-இல் வெளிவந்த அந்த 'அல்ட்ரா ஹேண்ட்' பத்து லட்சத்துக்கு மேல் விற்றது!

யோகோயின் கொள்கை எளியது. விலையுயர்ந்த புதுக் கருவிகளைத் தேடி ஓடாமல், நன்கு பழகி மலிந்துவிட்ட பொருளைப் புதிய கோணத்தில் பயன்படுத்த வேண்டும் என்பதே அது. ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டார். கால்குலேட்டரின் திரையையே விளையாட்டாக்கினார். அதுவே 1980-இல் வந்த 'கேம் அண்ட் வாட்ச்'. 1989-இல் வந்த 'கேம் பாய்' கருவிக்கோ வண்ணத் திரை கிடையாது. போட்டிக் கருவிகள் வண்ணத்தில் ஜொலித்தன. ஆனால் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் விழுங்கின. கேம் பாய்க்கு நான்கே போதும், நெடுநேரம் உழைக்கும், விலையும் குறைவு. வென்றது எது? கேம் பாயும் பின்னர் வந்த அதன் வண்ணப் பதிப்பும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன.

சென்ற அறிவியல் கண்காட்சியின்போது, "நல்ல சாமான் இல்லை" என்று ஒதுங்கிக்கொண்டவள் நான். என் தோழியோ பழைய சைக்கிள் டைனமோவைக் கொண்டு காற்றாலை செய்து விளக்கெரித்தாள். வெட்கத்தால் தலை குனிந்தேன். விவிலியத்தில் ஒரே தாலந்து பெற்ற ஊழியனின் குற்றம், குறைவாகப் பெற்றதன்று, பெற்றதைப் புதைத்ததே. நானும் அதைத்தானே செய்தேன்?

விளையாட்டிலேயே மூழ்கிக் கிடப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் பெற்றோருக்கும் அருட்சகோதரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும் பெண்ணை 'வேலையற்றவள்' என்று ஏசுமுன், "என்ன செய்கிறாய், அம்மா?" என்று ஒருமுறை கேளுங்கள். மாணவிகளே, நாமும் இல்லாததை எண்ணி ஏங்காமல், கையில் இருப்பதைக் கொண்டு இன்றே தொடங்குவோம்!