கம்பி கண்ணில் படுமா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. திரையில் வரைந்த மின்கம்பி மட்டும் உதவுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். உதவும், ஆனால் உள்ளபடி வரைந்தால்தான் உதவும் என்பது என் கருத்து.

2021ஆம் ஆண்டு டிரோன் விதிகள், டிரோன் இயக்குவதைத் தொழிலாகக் கொள்வோர் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் பெற வேண்டும் என்கின்றன. 18 வயது நிரம்பி, பத்தாம் வகுப்புத் தேறியவர் சேரலாம். துறைமுகமும் விமான நிலையமும் உள்ள நம் தூத்துக்குடியில் நினைத்த இடத்தில் பறக்கவிட்டுப் பழக இயலாது. ஆகவே முதலில் சிமுலேட்டரில் கை பழகுவதே நன்று.

அந்தத் திரையில் எத்தகைய கம்பி இருக்க வேண்டும்? 400 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரு கோபுரங்களுக்கிடையே கம்பி நேர்க்கோடாக ஓடுவதில்லை. பத்து மீட்டருக்கும் மேல் தொய்ந்து நிற்கும். வெயிலும் மின்பளுவும் ஏறினால் இன்னும் தாழும். அவ்வளைவின் கணக்கை 1691இலேயே பெர்னூலியும் லைப்னிட்சும் ஹைகன்சும் விடுவித்துவிட்டனர். நாம் அதை நேர்க்கோடாக வரைந்தால் அது பிழையன்றோ?

இன்னொன்று. கோபுர உச்சியில் ஓடும் நிலக்கம்பி மற்றவற்றினும் மெல்லியது. உப்பளத்தின் வெண்மையிலும் கடற்கரை மூட்டத்திலும் அது கண்ணுக்குத் தப்பிவிடும். திரையிலோ, தெரியட்டும் என்று அதைத் தடிமனாக வரைந்துவிடுவது எளிது. தடித்த கம்பியில் பழகிய கண், வெளியிலும் தடித்த கம்பியையே தேடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கம்பி தெரியாவிட்டாலும், கோபுரத்தைக் கண்டதும் கம்பி உண்டென்று உணரக் கற்பிப்பதே நல்ல பயிற்சி.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியதை நாம் மறக்கவில்லை. அத்தகைய நாளில் கம்பத்தில் ஏறுபவர் ஒரு வீட்டின் விளக்கு. அவர் ஏறுமுன் டிரோன் ஏறிப் பார்த்து வரலாம். ஆனால் அதை இயக்குபவர் தடுமாறினால் உதவியே உபத்திரவமாகும்.

முத்துக் குளிக்க மூழ்கியவரின் உயிர், தோணியில் கயிறு பிடித்தவரின் கையில் இருந்தது. இன்று டிரோன் இயக்குபவரின் கையும் அத்தகையதே. மின்துறையின் இசைவோடு நம் கரையின் கம்பிகளை லேசர் கொண்டு அளந்து, முப்பரிமாண வடிவம் ஆக்கும் பணியில் நம் கணிதம், இயற்பியல், புவியியல் மாணவர்களும் பங்கேற்கட்டும். ஏட்டுச் சுரைக்காயும் அன்று கறிக்கு உதவும்!