வாக்குக் கணக்கைத் தீர விசாரிப்போம்

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.' தமிழ்ப்பள்ளியில் மனனம் செய்த பழமொழி இது. தேர்வில் இதற்குப் பொருள் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் பொருள் எனக்கு உறைத்தது பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டில்தான்.

மாணவர் சொற்போர் ஒன்றில் 'அரசியல்வாதிகளின் சொல்லை நம்பலாகாது' என்ற அணியில் பேசினேன். எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் ஜோ பைடனை இழுத்தேன். "கருக்கலைப்பு உரிமைக்காக முழங்கும் இவர்தான் 1982இல் அதே உரிமைக்கு எதிராக வாக்களித்தவர். இரட்டை நாக்கு!" என்றேன். கைத்தட்டல் பலமாக எழுந்தது. எங்கள் அணி வென்றது. அந்த ஒரு வரிக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவையில் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த தவணையில் அதே பொருளை இடுபணிக்கு எடுத்துக்கொண்டேன். விரிவுரையாளர் கேட்டது ஒரே கேள்விதான்: எந்த அவையில், எந்தக் கட்டத்தில், எதன்மீது வாக்களித்தார்? பதில் தெரியாமல் விழித்தேன். அதன் பிறகுதான் தேடத் தொடங்கினேன்.

கருக்கலைப்பு சரியா, தவறா என்பதில் நம் வீடுகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அதைத் தீர்த்து வைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒருவரின் வாக்குகளை எப்படி வாசிப்பது என்பதே என் கேள்வி.

பைடன் 1973 ஜனவரியில், தம் 30ஆம் வயதில், டெலவேர் மாநிலத்தின் சார்பில் செனட் அவைக்குள் நுழைந்தார். அதே மாதம் 22ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 'ரோ எதிர் வேட்' வழக்கில் தீர்ப்பளித்து, கருக்கலைப்பை அரசியலமைப்பு காக்கும் உரிமையாக்கியது. கத்தோலிக்கரான பைடனுக்கு அத்தீர்ப்பு எல்லை மீறியதாகவே தோன்றியது. அதை அவர் 1974இலேயே வெளிப்படையாகச் சொன்னார்.

நான் மேடையில் முழங்கிய 1982 வாக்கு உண்மைதான். கருக்கலைப்பைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை நாடாளுமன்றத்திற்கும் மாநிலங்களுக்கும் தர வேண்டும் என்று செனட்டர் ஓரின் ஹேட்ச் ஓர் அரசியலமைப்புத் திருத்தத்தைக் கொண்டுவந்தார். அது நீதித்துறைக் குழுவில் 10க்கு 7 என்று தேறியது. ஆதரித்தவர்களுள் பைடனும் ஒருவர். ஆனால் அது குழு நிலை வாக்கு. திருத்தம் அவ்வாண்டு முழு அவையின் வாக்குக்கு வரவில்லை. மறு ஆண்டு, வேறு சொற்களுடன் அது மீண்டும் வந்தபோது பைடன் எதிர்த்து வாக்களித்தார். 1983 ஜூன் 28 அன்று முழு அவையில் 49க்கு 50 என்று அது தோற்றது. நான் முதல் வாக்கை மட்டும் சொன்னேன், இரண்டாவதை விட்டுவிட்டேன். பொய் சொல்லவில்லை. ஆனால் பாதி உண்மையை முழு உண்மையாக விற்றேன்.

அப்படியானால் பைடன் குற்றமற்றவரா? அதுவும் இல்லை. 1976இல் ஹென்றி ஹைட் என்பவர் கொண்டுவந்த 'ஹைட் திருத்தம்' கருக்கலைப்புக்கு மத்திய அரசின் பணத்தைச் செலவிடுவதைத் தடுத்தது. ஏழைகளுக்கான 'மெடிக்கேட்' மருத்துவ உதவியை நம்பிய பெண்களையே அது நேராகத் தாக்கியது. வசதி உள்ளவள் தன் பணத்தைக் கொடுத்துத் தனியார் மருத்துவமனைக்குப் போகலாம். இல்லாதவளுக்கு உரிமை ஏட்டில் மட்டுமே இருந்தது. தோட்டத்தில் வளர்ந்த குடும்பங்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. பைடன் இத்தடையை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆதரித்தார். கருக்கலைப்புக்கு அரசுப் பணம் தருவதை எதிர்த்து ஐம்பது முறைக்குக் குறையாமல் வாக்களித்திருப்பதாக, 1994இல் ஒரு வாக்காளருக்கு எழுதிய கடிதத்தில் அவரே குறிப்பிட்டார். 2019 ஜூன் 5 அன்றும் அவருடைய தேர்தல் குழு அதே நிலையை உறுதி செய்தது. மறுநாள் அவர் மாறினார். அதிபர் வேட்பாளர் போட்டியில் அவருடைய கட்சியினரே அவரை நெருக்கிய நேரம் அது. என்னைக் கேட்டால், 1982ஆம் ஆண்டின் ஒற்றை வாக்கைவிட இந்த நாற்பது ஆண்டுகளுக்கே அவர் அதிகம் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் கண்டேன். 'கருக்கலைப்பு' என்ற சொல்லே இல்லாத வாக்குகள்தாம் சில வேளைகளில் அதிகம் கனக்கின்றன. 1987இல், 'ரோ' தீர்ப்பைக் கடுமையாகச் சாடிவந்த ராபர்ட் போர்க் உச்ச நீதிமன்றத்திற்கு முன்மொழியப்பட்டார். அப்போது நீதித்துறைக் குழுவின் தலைவர் பைடன். அவையில் 42க்கு 58 என்று போர்க் தோற்கடிக்கப்பட்டார். அந்த இடத்திற்கு வந்தவர் ஆந்தனி கென்னடி. 1992இல் 'ரோ' தீர்ப்பின் சாரத்தை 5க்கு 4 என்று காப்பாற்றிய ஐவரில் கென்னடியும் ஒருவர். 1991இல் கிளேரன்ஸ் தாமஸ் 52க்கு 48 என்று நியமனம் பெற்றபோது பைடன் எதிர்த்து வாக்களித்தார். 2022 ஜூன் 24 அன்று 'ரோ' தீர்ப்பைத் தகர்த்த நீதிபதிகளுள் தாமஸும் ஒருவர்! கருக்கலைப்புச் சட்டங்களை மட்டும் பட்டியலிட்டால் இவ்விரண்டும் கணக்கில் வாரா.

அதே பைடன் 2003இல், பிற்காலக் கருக்கலைப்பு முறை ஒன்றைத் தடைசெய்யும் சட்டத்தை ஆதரித்தார். 64க்கு 34 என்று அது நிறைவேறியது. அதிபரான பின் தம் முதல் வரவுசெலவுத் திட்டத்திலிருந்து ஹைட் திருத்தத்தை நீக்கினார்; நாடாளுமன்றம் அதை மீண்டும் சேர்த்துக்கொண்டது. ஆக, இவரை 'ஆதரவாளர்' என்றோ 'எதிர்ப்பாளர்' என்றோ ஒற்றைச் சொல்லில் அடைப்பவர், நான் சொற்போரில் செய்த தவற்றையே செய்கிறார்.

இவ்வளவையும் கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு ஒரு மாணவியால் எப்படித் தேட முடிந்தது? முழு அவையில் பெயர் சொல்லி அளித்த வாக்குகள் அங்கே ஏட்டில் இருக்கின்றன. இங்கேதான் என் மனம் நம் நாட்டை நோக்கித் திரும்பியது. நம் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு 1989இல் திருத்தப்பட்டது. கருவுற்றவளின் உயிருக்கோ உடல், மன நலத்திற்கோ ஆபத்து என்று நல்லெண்ணத்துடன் கருதும் பதிவுபெற்ற மருத்துவர் கருவைக் கலைக்க அச்சட்டம் இடம் தருகிறது. நம்மையும் நம் அக்கா தங்கையரையும் தொடும் இத்தகைய சட்டங்கள் பலவும் மக்களவையில் குரல் வாக்கால் நிறைவேறுபவை. 'ஆம்' என்ற ஓசை மட்டும் எழும்; பெயர் இராது. பெயர்வாரியாக எண்ணுவதற்கு 15 உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டும். 2020 நவம்பர் 26 அன்று வரவுசெலவுத் திட்டத்தின் கொள்கை நிலை வாக்கெடுப்பில் எழுந்து நின்றவர்கள் 13 பேர் மட்டுமே. நாட்டின் ஓராண்டுப் பணத்திற்கு யார் கை தூக்கினார் என்பது அக்கட்டத்தில் பதிவாகவில்லை.

பெயரைப் பதிந்தால் உறுப்பினர்கள் மனசாட்சிப்படி வாக்களிக்க அஞ்சுவார்கள் என்று சிலர் வாதிடலாம். அதில் ஓரளவு உண்மை உண்டு. என்னைப் போல் ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு கூச்சல் போடுபவர்கள் இருக்கும்வரை அந்த அச்சமும் இருக்கும். ஆனால் அதற்கு மருந்து ஏட்டை மூடுவது அன்று, வாசிக்கக் கற்றுக்கொள்வதே. 2019 ஜூலை 16 அன்று வாக்களிக்கும் வயதை 18 ஆக்கும் திருத்தத்தை 211 உறுப்பினர்கள் ஆதரித்தனர். அரசியலமைப்புத் திருத்தம் என்பதால் அன்று எண்ணியே ஆக வேண்டியிருந்தது. அத்திருத்தத்தால்தான் 21 வயது நிறையும் முன்பே, 2022 நவம்பரில் நானும் வாக்களித்தேன். என் உரிமைக்கு எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்று என்னால் சொல்ல முடிகிறது. மற்றச் சட்டங்களுக்கும் அப்படிச் சொல்ல முடிய வேண்டாமா?

மாணவ நண்பர்களே! அடுத்த முறை உங்கள் தொகுதி உறுப்பினர் நம் பேரவை நிகழ்ச்சிக்குத் தலைமை தாங்க வந்தால், மாலை போட்டுப் படம் எடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். இவ்வாண்டு எந்தெந்தச் சட்டங்களுக்கு எப்படி வாக்களித்தீர்கள் என்று பணிவோடு கேளுங்கள். அவர் சொல்லும் பதிலையும் தீர விசாரியுங்கள்.

அந்தச் சொற்போரின் வெற்றிக் கிண்ணம் இன்னும் எங்கள் விடுதி அறையில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.