முதல் கடிதத்திலேயே தோற்றுவிடும் வழக்கு

கொழும்பு மாநகர சபையின் சோலைவரி மதிப்பீடு கூடுதலாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நிறையப் பேர். அதை எதிர்த்து முறையிடுபவர்கள் மிகச் சிலர். முறையிடுபவர்களிலும் பலர் முதல் கடிதத்திலேயே தங்கள் வழக்கைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் அறியாமல் இது நடக்கிறது. சட்டம் அப்படி அமைந்திருக்கிறது. அதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் சொல்வதில்லை.

1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால், திருத்த வேலைகளைச் சொந்தக்காரரே பார்த்துக்கொள்ளும் நிலையில், குடியிருப்பவர் ஆண்டுக்கு எவ்வளவு நியாயமாகக் கொடுப்பார் என்று கணிப்பது ஆண்டுப் பெறுமதி. அந்தப் பெறுமதியில் சபை விதிக்கும் வீதமே வரி. உதாரணத்துக்கு, ஆண்டுப் பெறுமதி ஒரு இலட்சம் ரூபாய், வீதம் 20 என்றால் ஆண்டு வரி 20,000 ரூபாய். வீதம் சபையின் தீர்மானம். அதைக் குறைக்க வேண்டுமானால் உறுப்பினர்களிடம்தான் போராட வேண்டும். தனி ஒருவர் ஆட்சேபிக்கக்கூடியது தன் வீட்டின் ஆண்டுப் பெறுமதியை மட்டுமே.

அந்த ஆட்சேபனைக்குச் சட்டம் இரண்டு படிகள் வைத்திருக்கிறது. அறிவித்தல் கிடைத்து ஒரு மாதத்துக்குள் சபைக்கு எழுத்தில் ஆட்சேபனை கொடுக்கலாம். விசாரணைக்குப் பின் சபை தரும் முடிவு சரியில்லை என்றால், அந்த முடிவு கிடைத்து 30 நாட்களுக்குள் நீதிமன்றம் போகலாம். கொழும்புவாசிக்கு அது புதுக்கடை. இதுவரை நியாயமான ஏற்பாடுதான்.

பொறி அடுத்த வரியில் இருக்கிறது. சபைக்கு எழுதிய ஆட்சேபனையில் குறிப்பிடாத எந்தக் காரணத்துக்கும் நீதிமன்றத்தில் சாட்சியம் கொடுக்க முடியாது. “வரி கூடிவிட்டது, ஓய்வூதியத்தில் வாழ்கிறோம், கட்ட ஏலாது, தயவுசெய்து குறைக்கவும்” என்று எழுதிக் கொடுத்தவர் பிறகு எவ்வளவு திறமையான சட்டத்தரணியைப் பிடித்தாலும் பயன் குறைவு. அளவு பிழை, பக்கத்து வீட்டுக்குக் குறைந்த பெறுமதி, லிஃப்ட் இல்லை, உண்மையான வாடகை ஒப்பந்தம் இதோ என்று அவர் புதுக்கடையில் சொல்ல நினைப்பதெல்லாம் அந்தக் கடிதத்தில் இருந்திருக்க வேண்டும். கட்ட ஏலாது என்பது ஆண்டுப் பெறுமதி பிழை என்பதற்குக் காரணமும் ஆகாது. ஆகவே சட்ட உதவி தேவைப்படுவது அறிவித்தல் கையில் கிடைத்த அந்த முதல் மாதத்தில். நம்மவர்கள் சட்டத்தரணியைத் தேடுவதோ சபை கைவிரித்த பிறகு.

எல்லாருக்கும் ஒரே சட்டம் என்றாலும் அடி விழுவது ஒரே மாதிரி அல்ல. வெள்ளவத்தையில் தொடர்மாடிகள் நெருக்கமாக எழுந்திருக்கின்றன. ஒரே கட்டடத்தில் ஒவ்வொரு வீடும் தனித்தனியாக மதிப்பிடப்படுகிறது. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, இங்கே தனியே இருக்கும் வயோதிபத் தம்பதிகளே பல வீடுகளில் வசிக்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளும் உண்டு. அறிவித்தலைக் காவலாளி வாங்கி வைத்து, சொந்தக்காரர் கைக்கு அது வந்து சேரும்போது மாதம் முடிந்திருக்கும். கொட்டாஞ்சேனையில் சிக்கல் வேறு. கீழே கடை, மேலே குடியிருப்பு என்றும், நாலு பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்தும் பிரிக்காமலும் என்றும் பழைய வீடுகள் நிற்கின்றன. எந்தப் பகுதி வியாபாரம், எது குடியிருப்பு, வரி யார் பேரில் வர வேண்டும் என்பவற்றில் குழப்பம் வந்தால் அதைக் கடிதத்தில் பிரித்து எழுதுவது சாதாரண ஆளுக்கு எளிதல்ல.

மொழி அடுத்த சிக்கல். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் ஒருவர் அதிகாரியுடன் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழிலேயே பதில் பெறவும் உரிமை உண்டு. அது மீறப்பட்டால் 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். ஆனால் முறைப்பாட்டின் பதிலுக்காகக் காத்திருந்தால் வரி ஆட்சேபனைக்கான மாதம் போய்விடும். புரியாத கடிதத்தைப் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் வாசிக்கக் கொடுத்து ஓடுகிற நாட்கள் அந்த மாதத்திலிருந்தே கழிகின்றன.

எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேட்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் நல்ல கருவிதான். ஆனால் கோரிக்கையை ஏற்பதா என்று தீர்மானிக்கவே அதிகாரிக்கு 14 வேலை நாட்கள் உண்டு. தகவல் கையில் வர அதற்கு மேலும் நாட்கள் ஆகும். ஆட்சேபனைக்கு ஒரு மாதம். காரணம் தெரிந்தால்தான் காரணம் எழுத முடியும். காரணத்தைத் தெரிந்துகொள்ளும் வழியோ அந்த மாதத்தை விழுங்கிவிடுகிறது.

சென்னையைப் பாருங்கள். 2022இல் சொத்து வரியைக் கூட்டியபோது 600 சதுர அடிவரை எத்தனை சதவீதம், 1,200 வரை எத்தனை, 1,800 வரை எத்தனை என்று தமிழக அரசு முன்கூட்டியே வெளியிட்டது. மக்கள் கொதித்தார்கள், ஆனால் தங்கள் வீட்டுக்கு எவ்வளவு கூடும் என்பதை அவர்களே கணக்குப் போட முடிந்தது. கோபப்படுவதற்கும் கணக்குத் தெரிய வேண்டும்.

மாநகர சபை செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. மதிப்பீட்டு அறிவித்தலிலேயே தளப் பரப்பு, பயன்பாட்டு வகை, ஒப்பிட்ட வாடகை ஆகியவற்றை மூன்று மொழிகளிலும் அச்சிட வேண்டும். ஆட்சேபனைக்கு ஒரு தமிழ்ப் படிவம் வேண்டும்: பரப்புப் பிழையா, பயன்பாட்டுப் பிழையா, கட்டடத்தின் நிலையா, அயல் வீடுகளுடன் ஒப்பீடா, உண்மை வாடகையா என்று காரணங்களை அடுக்கி, பொருந்துவதை அடையாளமிட்டு விபரம் எழுத இடம் விட வேண்டும். “இதில் எழுதாததை நீதிமன்றத்தில் சொல்ல முடியாது” என்ற எச்சரிக்கை படிவத்தின் தலையில் தடித்த எழுத்தில் இருக்க வேண்டும். மதிப்பீட்டு அறிவித்தல்கள் போகும் காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சில நாட்களாவது தமிழ் தெரிந்த அலுவலர் அமர வேண்டும். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் சட்ட உதவி ஆணைக்குழு, வசதி குறைந்தவர்களுக்காக அதே மேசையில் ஒரு சட்டத்தரணியை இருத்த முன்வர வேண்டும். ஆட்சேபனையை நிராகரிக்கும்போது ஏன் என்று எழுத்தில் சொல்ல வேண்டும்.

அதுவரை வரி செலுத்துவோர் செய்யக்கூடியவை சில. அறிவித்தல் கிடைத்த திகதியைக் கடித உறையிலேயே குறித்து வையுங்கள். அதே வாரத்தில் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டி, எல்லாக் காரணங்களையும் ஒன்றுவிடாமல் கடிதத்தில் எழுதுங்கள். உறுதி, வரைபடம், வாடகை ஒப்பந்தம், சுவர் வெடிப்பின் படங்கள் எல்லாவற்றின் பிரதியையும் இணைத்து, கையளித்ததற்கு முத்திரையிட்ட பிரதி வாங்குங்கள். தொடர்மாடிக்காரர்கள் முகாமைத்துவக் குழு மூலம் அயல் வீடுகளின் பெறுமதிகளைத் திரட்டினால் ஒப்பீடு கையில் தயாராக இருக்கும். ஆட்சேபித்துவிட்டோம் என்று வரியைக் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். நிலுவைக்கு வாரண்ட் பிறப்பித்துப் பொருட்களைக் கைப்பற்றவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

2023 மார்ச்சில் சபையின் காலம் முடிந்த பின், 2025 மே தேர்தல்வரை இந்த முறைப்பாட்டை எடுத்துச் செல்லக் கொழும்பில் தெரிவான உறுப்பினரே இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள். இரண்டு பகுதிகளிலும் வீடு வீடாக வந்து தமிழில் வாக்குக் கேட்டவர்கள் அவர்கள். தமிழ்ப் படிவமும் கணக்குக் காட்டும் அறிவித்தலும் வேண்டும் என்ற தீர்மானத்தை அடுத்த மதிப்பீட்டுக்கு முன் அவர்களில் யாராவது ஒருவர் சபையில் முன்வைக்கட்டும். யார் கை உயர்த்துகிறார்கள், யார் உயர்த்தவில்லை என்பதை வரி கட்டுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.