படம் எங்கடா போச்சு?

போன வருஷம் நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் பாட்டிக்காக 'தில்லானா மோகனாம்பாள்' வாங்கினேன். புதுப் பதிப்பு, பளபள அட்டை. பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு பக்கம் புரட்டினார். "படம் எங்கடா போச்சு?" என்றார். "இது நாவல் பாட்டி, படமெல்லாம் இருக்காது" என்று நான் மேதாவித்தனமாகச் சொன்னதும் எழுந்து போய் ட்ரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பழைய பைண்டு புத்தகத்தை எடுத்து வந்தார்.

1957-58ல் கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர். வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி, கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தபோது கூடவே கொண்டு வந்திருக்கிறார். உள்ளே கதையோடு படங்கள். ஓரத்தில் சின்னதாக ஒரு கையெழுத்து: கோபுலு.

"சினிமா வந்தது 1968ல. அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே எனக்கு மோகனாவோட முகம் தெரியும்" என்றார் பாட்டி. அன்றைக்குத்தான் கோபுலு யார் என்று தேடிப் படித்தேன் (வெட்கமாகத்தான் இருக்கிறது!).

1924ல் தஞ்சாவூரில் பிறந்தவர். சொந்தப் பெயர் கோபாலன். கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தார். விகடனில் கேலிச்சித்திரங்களால் பேர் வாங்கிய மாலிதான் அவரை 'கோபுலு' ஆக்கினார். ஒரு வார்த்தை கூட இல்லாமல் வெறும் கோடுகளால் சிரிக்க வைத்தவர். தேவனின் துப்பறியும் சாம்புவை அந்த மூக்கோடும் முழியோடும் நம் மனசில் உட்கார வைத்தவர். சாவியின் 'வாஷிங்டனில் திருமண'த்துக்கும் அவர்தான் படம். 1963ல் விளம்பரத் துறைக்குப் போனார். பக்கவாதம் வந்து வலது கை முடங்கியபோது இடது கையால் வரைந்தார். 2015 ஏப்ரலில் காலமானார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் பி.காம். மாணவன். எங்கள் பாடத்தில் 'குட்வில்' என்று ஒன்று உண்டு. மேஜை நாற்காலி மாதிரி தொட்டுப் பார்க்க முடியாது, ஆனால் கடையை விற்கும்போது அதற்கும் விலை உண்டு. அந்தக் காலத்து வாரப் பத்திரிகைகளின் குட்வில்லில் ஓவியர்களுக்குப் பெரிய பங்கு இருந்தது. அடுத்த இதழுக்காக ஜனங்கள் காத்திருந்தது எழுத்துக்காக மட்டுமா? ஆனால் தொடர் புத்தகமாகும்போது பல சமயம் எழுத்து மட்டும் புது வீட்டுக்குக் குடிபோகிறது. ஓவியம் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது.

படம் போட்டால் பக்கம் கூடும், விலை கூடும் என்பார்கள். நியாயம்தான். பழைய இதழில் இருந்து படத்தை எடுத்தால் அச்சு தெளிவாக வராது என்பதும் உண்மை. எல்லாப் படங்களையும் போடச் சொல்லவில்லை. அத்தியாயத்துக்கு ஒன்று வேண்டாம், மொத்தப் புத்தகத்துக்குப் பத்து போடலாமே. அதுவும் முடியாவிட்டால் முதல் பக்கத்தில் 'தொடராக வந்தபோது ஓவியம்: கோபுலு' என்று ஒரு வரி. அதற்கு என்ன செலவு ஆகிவிடும்? நான் வாங்கிய பிரதியில் அந்த ஒரு வரியும் இல்லை.

பாட்டி மாதிரி கிழித்து பைண்டு பண்ணி வைத்தவர்கள் இருக்கும் வரைக்கும் இந்தப் படங்கள் வீடுகளில் பிழைத்திருக்கும். அந்தத் தலைமுறைக்குப் பிறகு? உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஏதாவது இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒருமுறை திறந்து, ஓரத்தில் இருக்கும் கையெழுத்தைப் படித்துப் பாருங்கள்.

நான் வாங்கிய புதுப் புத்தகம் என் மேஜையில் இருக்கிறது. பாட்டி மறுபடி அதைத் தொடவே இல்லை.