நடுக்கடலில் எஞ்சின் நிற்காமல் இருக்க...

பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம், ஊரூர் ஆல்காட் குப்பம் பக்கம் பழைய அவுட்போர்டு எஞ்சினோடு படகு வைத்திருக்கிறீர்களா? இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்கு எரிபொருள் போவதும் அடியிலிருந்துதான்! கரையருகே அலை உடையும் இடத்தில் எஞ்சின் நின்றால் படகு கவிழும் ஆபத்து உண்டு.

டேங்க்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே, தண்ணீரைப் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் பொருத்துங்கள். அடியில் கண்ணாடிபோலத் தெரியும் கிண்ணம் இருந்தால் நல்லது. தேங்கிய தண்ணீரைக் கிளம்பும் முன்பே பார்த்து வடித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை: எத்தனால் பிரிந்துபோன பெட்ரோலை எந்த ஃபில்டராலும் சரிசெய்ய முடியாது. டேங்க்கைக் காலி செய்து புதிதாக நிரப்புங்கள். பெட்ரோலை வாரக்கணக்கில் தேக்கி வைக்காதீர்கள்!