கொழுந்து பறிப்பவருக்குக் குழுவில் இடமில்லையா?



பாடசாலை அபிவிருத்திச் சங்கக் குழுவுக்குக் கொழுந்து பறிக்கும் ஒரு தாய் போட்டியிட முன்வந்தால், "படிக்காதவருக்கு அங்கே என்ன வேலை?" என்கிறார்கள். இப்படிக் கேட்பவர்களில் நம் லயங்களில் பிறந்து உத்தியோகத்துக்குப் போனவர்களும் உண்டு.

சங்கத்துக்குச் சந்தா கட்டுவது யார்? சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு வருவது யார்? அந்தத் தாய்தான். கணித பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, மலசலகூடத்தில் தண்ணீர் இல்லை என்று சொல்ல எந்தச் சான்றிதழ் வேண்டும்? தலைவராக அதிபர் இருக்கிறார், ஆசிரியர்களும் இருக்கிறோம். ஆசிரியராகவே சொல்கிறேன்: குழுவில் படித்தவர்களுக்குக் குறைவில்லை, கேள்வி கேட்கும் பெற்றோருக்குத்தான் பஞ்சம்.

வேலைநாளில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைக்கிறார்கள். வந்தால் அரைப்பேர். வராவிட்டால், "தோட்டத்துப் பெற்றோருக்கு அக்கறையில்லை" என்ற பழி. கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

1949இல் நம் வாக்குரிமையைப் பறித்தார்கள். அதை மீட்கப் பல்லாண்டு போராடினோம். பாடசாலை மண்டபத்தில் கை உயர்த்தும் உரிமையை நாமே கைவிடலாமா?

வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குத் திரண்டு வாருங்கள். ஒருவர் அந்தத் தாயின் பெயரை முன்மொழியுங்கள், இன்னொருவர் வழிமொழியுங்கள். கணக்கறிக்கையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். விளங்காவிட்டால் மறுபடியும் வாசிக்கச் சொல்லுங்கள். அது நம் காசு!